ஆகஸ்டில் வயதான அம்மாவோடு அல்கார்வ் போகலாமா?

ஒரு வாரம் போர்ச்சுகலின் தென்கரைக்கு, அல்கார்வுக்கு, 68 வயது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறோம், அல்புஃபெய்ராவில் தங்கலாமா, கார் எடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம். ஆனால் அல்புஃபெய்ரா வேண்டாம். அந்த ஊரைப் பிடித்தவர்கள் சண்டைக்கு வரவேண்டாம், இருபத்தைந்து வயதில் நண்பர்களோடு போனால் நானும் அங்கேதான் தங்கியிருப்பேன். நீங்கள் அம்மா என்று எழுதியதால்தான் இவ்வளவு நீளப் பதில்.

நான் அயர்லாந்தில் நர்ஸ். 2023 ஆகஸ்டில், ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். தூத்துக்குடியில் கடலைப் பார்த்தே வளர்ந்தவளுக்குக் கடல் காட்டக் காசைக் கரியாக்குகிறாய் என்று என் அத்தை போனிலேயே சொல்லிவிட்டார். அந்த ரோஷத்தில், படத்தில் வருகிற இடம் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று கிளம்பியதுதான் முதல் தப்பு.

படத்தில் வருகிற அந்தப் பொன்னிறப் பாறைக் கடற்கரைகள் பெரும்பாலும் மேற்குப் பக்கம், லாகோஸ் முதல் அல்புஃபெய்ரா வரை. அதில் பாதிக் கடற்கரைகளுக்குப் பாறை உச்சியிலிருந்து படியிறங்கித்தான் போக வேண்டும். லாகோஸ் பக்கத்துப் போந்தா த பியெதாதேயில் கிட்டத்தட்ட 200 படி. இறங்கும்போது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஏறும்போது நாலு இடத்தில் உட்கார்ந்தார், எனக்கு அவர் நாடியைப் பார்ப்பதா வேண்டாமா என்று கை பரபரத்தது. கீழே நிழல் தேடிப் பாறையடியில் உட்காரலாம் என்றால் அதுவும் கூடாது. 2009 ஆகஸ்டில் அல்புஃபெய்ரா பக்கம் மரியா லூயிசா கடற்கரையில் பாறை சரிந்து ஐந்து பேர் இறந்திருக்கிறார்கள். எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள், அதற்கு நேர் கீழேயே துண்டு விரித்துப் படுத்திருக்கிறது கூட்டம்.

தண்ணீர் இன்னொரு ஏமாற்றம். வெயிலைப் பார்த்து மத்தியதரைக்கடல் என்று நினைத்துவிடுவோம், அது அட்லாண்டிக். கோடையிலும் இருபது, இருபத்தொரு டிகிரிதான், மேற்கே போகப்போக இன்னும் குளிர். மன்னார் வளைகுடாவில் கால் நனைத்தவர் இதில் கால் வைத்துவிட்டு, “ஏட்டி, இது கடலா ஐஸ் பெட்டியா?” என்று கரையேறியவர்தான், அந்தப் பக்கத்தில் மறுபடி இறங்கவே இல்லை. கூரையில் ஓட்டை வழியாக வெளிச்சம் இறங்குகிற மாதிரி எல்லாப் படத்திலும் வருமே, அந்தப் பெனாஜில் கடல் குகையைப் படகிலிருந்தே பார்த்தோம். இப்போது அங்கே நீந்திப் போகவும் தடை, உள்ளே மணலில் இறங்கவும் தடை, அதனால் அந்தப் படத்துக்காகத் திட்டம் போடாதீர்கள்.

கார் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு இன்னும் எரிகிறது. அப்போது அல்கார்வ் நெடுகப் போகிற ஏ22 நெடுஞ்சாலையில் சுங்கம் இருந்தது, ஆனால் சாவடி கிடையாது, மேலே கேமரா மட்டும். எங்கே கட்டுவது என்றே தெரியாமல் ஓட்டினோம். இரண்டு மாதம் கழித்து வாடகைக் கார் கம்பெனிக்காரர்கள் என் கார்டிலிருந்து எடுத்தார்கள்: சுங்கம் கொஞ்சம், அதற்குச் ‘சேவைக் கட்டணம்’ பலமடங்கு. வண்டி கொடுக்கும்போது கேட்டேன், “கவலை வேண்டாம்” என்றுதான் சொன்னார்கள். 2025 ஜனவரி முதல் அந்தச் சாலையில் சுங்கமே இல்லை, உங்களுக்கு இந்தத் தொல்லை வராது. இருந்தாலும் வண்டியை வாங்கும்போது நாலு பக்கமும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் காரே தேவையில்லை. லாகோஸிலிருந்து ஃபாரோ வழியாக ஸ்பெயின் எல்லையோரம் வரை ரயில் இருக்கிறது. அல்புஃபெய்ரா ஸ்டேஷன் ஊருக்குள் இல்லை, ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நான் வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். கிழக்கே தவீராவில் ஸ்டேஷனிலிருந்து நடந்தே ஊருக்குள் போய்விடலாம்.

விசாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய செங்கன் நாடுகள் கூட்டத்தில் போர்ச்சுகல் இருக்கிறது, அயர்லாந்து இல்லை. அம்மாவுக்கு ஊரிலேயே எடுத்துவிட்டோம், இங்கே வேலை செய்து வரி கட்டுகிற எனக்குத்தான் அப்பாயிண்ட்மெண்ட் கிடைக்காமல் ராத்திரி டியூட்டிக்கு நடுவே போனைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஐரிஷ் பாஸ்போர்ட் வாங்கிவிட்ட தோழிகள் வெள்ளிக்கிழமை யோசித்து சனிக்கிழமை பறக்கிறார்கள். சரி, விடுங்கள்.

கடைசி மூன்று நாள் தவீராவில் இருந்தோம். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் பாறை கிடையாது, ரியா ஃபொர்மோசா என்ற காயலும் அதற்கு அப்பால் மணல் தீவுகளும்தான். தண்ணீரும் கொஞ்சம் தேவலை. விடுதியில் சாவியைக் கொடுத்தவர் என் பெயரைப் பார்த்துவிட்டு மூன்று நாளும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவர்கள் ஊரில் பெர்னாண்டோ என்பது ஆண்பிள்ளைக்கு வைக்கும் பெயராம்! எங்களுக்கு அது குடும்பப் பெயராக வந்து சேர்ந்த கதையை நான் ஆரம்பிப்பதற்குள் அம்மா, “சாவின்னே சொல்றானே” என்று, சாவிக்கு அவர் சொன்ன போர்ச்சுகீசிய வார்த்தையான ‘ஷாவ்’ஐப் பிடித்துக்கொண்டார்.

ஹோட்டலில் கேட்காமலே ரொட்டியும் ஆலிவும் வைப்பார்கள், அது இலவசம் இல்லை, தொட்டால் காசு. அம்மா ஊறப்போட்ட களாக்காய் என்று நினைத்து ஒரு கிண்ணத்தைக் காலி செய்துவிட்டார். ஆனால் சாளை மீன்! குடலோடு, கல்லுப்பு போட்டுக் கரியில் சுட்டு அப்படியே தருகிறார்கள். “கழுவக்கூட மாட்டானுவளா” என்றவர் ஆறு சாப்பிட்டார்.

மறுநாள் பர்ரில் கடற்கரை. சின்னப் பாலம் தாண்டினால் ஒரு பொம்மை ரயில் மணல்மேட்டு வழியாகக் கடலோரம் கொண்டுபோய் விடும், ஒரு படி இல்லை. அங்கே மணலில் நூற்றுக்கணக்கான நங்கூரங்களை வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள், எல்லாம் துருப்பிடித்தவை. முட்டையிட மத்தியதரைக்கடலுக்குப் போகிற சூரை மீனை மறிக்கக் கடலில் பெரிய வலைக்கட்டு போட்டு, அதை நங்கூரம் பாய்ச்சி நிறுத்துவார்களாம். மீன் குறைந்து தொழில் நின்றுபோனது, நங்கூரம் மட்டும் கரையில். அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவர். அம்மா ஒரு நங்கூரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, “நம்ம வீட்டு நங்கூரத்தப் பழைய இரும்புக்கில்ல போட்டோம்” என்றார். ஒரு மணிநேரம் எழவில்லை. நான் குளிக்கப் போய்விட்டு வந்தேன்.

ஆகஸ்ட்தான் என்றால் தவீராவில் அறையை இப்போதே போடுங்கள். ஜூனுக்கோ செப்டம்பருக்கோ லீவு மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது, எனக்கு முடியவில்லை. அந்தப் பொம்மை ரயில் டிக்கெட்டுக்குச் சில்லறை கையில் இருக்கட்டும்.