இலை உதிரும் காலத்தில் கத்தரிக்கோலுக்கு என்ன வேலை?

கேள்வி: வீட்டின் பின்புறம் சிறிய தோட்டம் வைத்திருக்கிறேன். தக்காளிச் செடிகள் ஓய்ந்துவிட்டன. ரோஜா, ஹைட்ராஞ்சியா, லைலாக் மூன்றும் இலை உதிர்க்கத் தொடங்கிவிட்டன. புல்தரை முழுவதும் சருகு. குளிர் இறங்குவதற்குள் செடிகளை ஒட்ட வெட்டி, சருகை அள்ளி வெளியே போட்டு, நன்றாக உரமும் வைத்துவிடலாம் என்றிருக்கிறேன். சரிதானா?

பதில்: சற்றுப் பொறுங்கள். நீங்கள் சொன்ன மூன்று வேலைகளில் ஒன்றைக்கூட அப்படியே செய்ய வேண்டாம்.

முதலில் உரம். தழைச்சத்து மிகுந்த உரத்தை இப்போது வைத்தால் ஓய்வுக்குத் தயாராகும் செடி மீண்டும் துளிர்விடும். அந்த இளந்துளிர் முற்றுவதற்குள் உறைபனி வந்து கருக்கிவிடும். துளிர்விடச் செலவழித்த சேமிப்பும் வீண். மண்ணுக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று கை பரபரத்தால், நன்கு மட்கிய தொழு உரத்தை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குப் பாத்தியின் மேல் பரப்புங்கள். கொத்திக் கலக்க வேண்டியதில்லை, மண்புழுக்கள் பார்த்துக்கொள்ளும். மண் பரிசோதனையில் புளிப்பு அதிகம் என்று தெரிந்தால் சுண்ணாம்பு இட இது ஏற்ற நேரம். அது வேலை செய்யச் சில மாதங்கள் ஆகும்.

அடுத்தது கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிச் சீராக்குவது. இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். லைலாக்கும், பெரிய இலை கொண்ட ஹைட்ராஞ்சியாவும் அடுத்த ஆண்டின் பூ மொட்டுகளை இந்த ஆண்டே கிளைகளில் உருவாக்கி வைத்துவிடுகின்றன. இப்போது ஒட்ட வெட்டினால் அந்தப் பூக்களையும் சேர்த்தே வெட்டுகிறீர்கள். தொழில் பழகிய நாட்களில் நானே ஒரு லைலாக்கை அழகாக உருண்டையாகக் கத்தரித்துவிட்டுப் பெருமைப்பட்டிருக்கிறேன். அடுத்த வசந்தத்தில் அதில் இலை மட்டும்தான் வந்தது. லைலாக்கைப் பூத்து முடித்த உடனே வெட்ட வேண்டும். ரோஜாவின் முழுக் கவாத்தைக் குளிர்காலத்தின் கடைசியில், மொட்டுகள் பருக்கத் தொடங்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்குக் காற்றில் ஆடி வேரை அசைக்கும் நெடுங்கிளைகளைச் சற்றுக் குட்டையாக்கினால் போதும். பட்டுப்போன கிளையையும் நோயுற்ற கிளையையும் எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம்.

பூத்து முடிந்த பல்லாண்டுச் செடிகளின் காய்ந்த தண்டுகளையும் நான் தொடுவதில்லை. விதைத் தலைகளைப் பறவைகள் தேடி வரும்; உட்குழிவான தண்டுகளில் சிறு தேனீக்கள் குளிரைக் கழிக்கும். பார்க்க அலங்கோலமாக இருக்கிறது என்பவர்கள் வாசல் பக்கம் மட்டும் வெட்டிக்கொள்ளட்டும்.

இனி நீங்கள் வெளியே போட நினைக்கும் சருகு. இலையை உதிர்க்கும் முன் மரம் அதிலிருக்கும் சத்தில் கணிசமான பங்கைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே சருகு பெரிய உரம் அல்ல. ஆனால் அது மட்கிய பின் கிடைக்கும் இலைமக்கு, ஈரத்தைப் பஞ்சுபோல் பிடித்து வைத்து மண்ணைப் பொலபொலவென ஆக்குவதில் நிகரற்றது. செய்வதும் எளிது. கம்பி வலையை வளைத்து ஒரு கூண்டு அமைத்து, சருகை நனைத்து, மிதித்து நிரப்பிவிட்டு மறந்துவிடுங்கள். இங்கே வேலை செய்பவை பூஞ்சைகள். சூடேற வேண்டியதில்லை, கிளறவும் வேண்டாம். ஈரம் மட்டும் குறையக் கூடாது. ஓராண்டிலிருந்து இரண்டாண்டு வரை பிடிக்கும். புல்வெட்டியை ஓட்டி இலைகளை நொறுக்கிப் போட்டால் இன்னும் விரைவில் மட்கும். புல்தரையில் அடர்ந்து கிடக்கும் சருகை மட்டும் விட்டுவைக்காதீர்கள். ஈரத்தில் ஒட்டிக்கொண்டு புல்லை மூச்சுத்திணற வைத்துவிடும்.

ஒரு விலக்கு உண்டு. கரும்புள்ளி விழுந்த ரோஜா இலைகளையும் இலைக்கருகல் கண்ட தக்காளிச் செடிகளையும் இந்தக் கூண்டில் சேர்க்கக் கூடாது. அந்த நோய்ப் பூஞ்சைகள் சருகிலேயே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வசந்தத்தில் மீண்டும் எழும். வீட்டு மக்குக் குவியல் அவற்றைக் கொல்லும் அளவுக்கு, அதாவது 55 டிகிரி செல்சியஸுக்கு மேல், பெரும்பாலும் சூடேறுவதில்லை. இவற்றை மட்டும் தோட்டத்தைவிட்டு அப்புறப்படுத்துங்கள். நோயில்லாத தக்காளிச் செடியைத் தரைமட்டத்தில் அறுத்துவிட்டு வேரை மண்ணிலேயே விட்டுவிடலாம்.

மிச்சச் சருகைப் பாத்திகளில் 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்காக, அதாவது மண்ணை மூடும் போர்வையாகப் போடுங்கள். தண்டை ஒட்டிக் குவிக்காமல் ஒரு கையளவு இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் அடித்தண்டு அழுகும். எலிகளும் அதற்குள் பதுங்கிப் பட்டையைக் கடிக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனெனில் இந்தப் பருவத்தின் உண்மையான வேலை அதுதான்: நடவு. காற்று குளிர்ந்த பிறகும் மண்ணில் சூடு பல வாரங்கள் தங்கியிருக்கும். மேலே வளர்ச்சி நின்றாலும் கீழே வேர் ஓடிக்கொண்டிருக்கும். காலியான தக்காளிப் பாத்தியில் பூண்டுப் பற்களைக் கூர்முனை மேலே இருக்கும்படி 5 சென்டிமீட்டர் ஆழத்தில், 15 சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்றுங்கள். மண் உறைவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் முன்பு நடுவது நல்லது. குளிர்பட்டால்தான் பூண்டு ஒழுங்காகப் பல் பிரியும். துலிப், டாஃபடில் போன்றவற்றின் குமிழ்களுக்கும் இதே காலம்தான். குமிழின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு ஆழம் வேண்டும்.

உங்கள் தோட்டத்தில் பசுமை மாறாச் செடிகள் இருந்தால், தரை உறைவதற்கு முன் ஒருமுறை வேர்வரை இறங்கும்படி தண்ணீர் விடுங்கள். குளிர்காற்றில் அவற்றின் இலைகள் ஈரத்தை இழந்துகொண்டே இருக்கும். உறைந்த மண்ணிலிருந்து வேரால் அதை ஈடுகட்ட முடியாது. அந்தத் தண்ணீரைப் பாய்ச்சிய கையோடு குழாயை வடித்துச் சுருட்டி உள்ளே வையுங்கள்; மண் தொட்டிகளையும் கூரைக்கடியில் நகர்த்திவிடுங்கள். உள்ளே தேங்கிய நீர் உறைந்து விரிந்தால் இரண்டும் வெடித்துவிடும்.