விளக்கு வடக்கிலா தெற்கிலா? கீகேப் வாங்குமுன் சில கேள்விகள்

மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு தனி ஸ்விட்ச் இருக்கும், அதன் மேல் மாட்டும் எழுத்துள்ள பிளாஸ்டிக் தொப்பிதான் கீகேப். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: ஸ்விட்ச் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது? கேப் மாட்டும் தண்டு சிலுவை வடிவில் உள்ள எம்எக்ஸ் வகை ஸ்விட்சின் ஒரு பக்கத்தில் எல்இடி வெளிச்சம் மேலே வருவதற்கு ஒரு சிறு ஜன்னல் இருக்கும். கீபோர்டை மேசையில் வைக்கும்போது அந்த ஜன்னல் எஃப் வரிசைப் பக்கம் இருந்தால் அது நார்த் ஃபேசிங், வடக்கு பார்த்தது. ஸ்பேஸ்பார் பக்கம் இருந்தால் சவுத் ஃபேசிங், தெற்கு பார்த்தது. கடைக்காரர்கள் பெரிதாகச் சொல்லாத இந்த விவரம்தான் எந்தக் கீகேப் உங்களுக்குச் சரிவரும் என்பதைப் பாதி தீர்மானிக்கிறது.

கேள்வி: செர்ரி ப்ரொஃபைல் (கேப்பின் உயரம், வடிவத்தைக் குறிக்கும் ஒரு வகை) பிபிடி (ஒரு வகைப் பிளாஸ்டிக்) கீகேப் செட் வாங்கி மாட்டினேன். மற்ற வரிசைகளில் சத்தம் அருமை. ஏ, எஸ், டி, எஃப் இருக்கும் வரிசை மட்டும் மந்தமாக ஒலிக்கிறது, அடியில் போய்த் தட்டும் உணர்வும் வேறு மாதிரி இருக்கிறது. போலி செட் வாங்கிவிட்டேனா?

செட்டைச் சந்தேகப்பட வேண்டாம். உங்கள் போர்டில் ஸ்விட்சுகள் வடக்கு பார்த்திருக்கும் என்று நினைக்கிறேன். கேப்பைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நடப்பது இதுதான். ஸ்விட்சின் ஒரு பாதியில் எல்இடி ஜன்னல், மறு பாதியில் மின்தொடர்பு கொடுக்கும் உலோகத் தகடுகள். இந்த இரண்டு பாதிகளிலும் மேல்மூடியின் வடிவம் ஒன்றல்ல. வடக்கு பார்த்த போர்டில் தகடு இருக்கும் பாதி உங்கள் பக்கம் வந்துவிடும். செர்ரி ப்ரொஃபைல் கேப்புகள் உயரம் குறைந்தவை, ஸ்விட்சின் மேல் தாழ்வாக உட்காருபவை. அதிலும் மூன்றாம் வரிசைக் கேப், அதாவது கேப்ஸ் லாக்கில் தொடங்கி என்டர் வரையிலான வரிசை, அதன் சாய்வினால் உட்சுவர் ஸ்விட்சின் மூடிக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. எம்எக்ஸ் ஸ்விட்ச் ஒன்றின் முழுப் பயணம், அதாவது அழுத்தும்போது தண்டு இறங்கும் தூரம், 4 மி.மீ. தண்டு அடியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பாகவே கேப்பின் உட்சுவர் மூடியின் விளிம்பில் மோதிவிடும். நீங்கள் கேட்கும் மந்தமான ஒலி, பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் மோதும் அந்த ஒலிதான்.

உறுதிப்படுத்த எளிய வழி உண்டு. அதே செட்டில் வேறு வரிசைக் கேப் ஒன்றை எடுத்து ஏ இருக்கும் ஸ்விட்சில் மாட்டித் தட்டிப் பாருங்கள். மந்தம் போய்விட்டால் குற்றவாளி மூன்றாம் வரிசைக் கேப்பும் ஸ்விட்ச் திசையும் சேர்ந்ததுதான். இன்னும் நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால், மூடியின் முன் விளிம்பில் வெள்ளைப் பலகைக்கு எழுதும் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிட்டுக் கேப்பை மாட்டிப் பத்துப் பதினைந்து தடவை அழுத்துங்கள். கேப்பின் உள்ளே மை ஒட்டியிருந்தால் மோதல் உண்மை.

தட்டச்சில் இதனால் பிழை வராது. எழுத்து பதிவாவது 2 மி.மீ. அளவிலேயே முடிந்துவிடுகிறது, மோதல் அதற்கு வெகு கீழே. சிலருக்கு இது காதிலும் விரலிலும் படுவதே இல்லை. அப்படி நீங்களும் கவலைப்படாத ஆள் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். ஆனால் கேள்வி கேட்கும் அளவுக்குக் காதில் பட்டுவிட்டதென்றால், இனி அது காதை விட்டுப் போகாது. அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: எனக்கும் அதே பிரச்சினை. கேப் செட் விலை அதிகம், திருப்பித் தரவும் முடியாது. போர்டை மாற்றாமல் வழி உண்டா?

உண்டு, மூன்று வழிகள். நான் முதலில் சொல்வது லாங் போல் ஸ்விட்ச். இவற்றில் தண்டின் நடுக்கம்பி நீளமாக இருக்கும், அது சீக்கிரமே அடியைத் தொட்டுவிடும். பயணம் 4 மி.மீ.க்குப் பதிலாகச் சுமார் 3.3 முதல் 3.5 மி.மீ.யிலேயே முடிவதால் கேப்பின் சுவர் மூடியை எட்டுவதற்குள் தண்டு நின்றுவிடும். சத்தமும் கூர்மையாக, தெளிவாக வரும். ஹாட்-ஸ்வாப் போர்டு, அதாவது சால்டரிங் இல்லாமல் ஸ்விட்சைப் பிடுங்கி மாற்றக்கூடிய போர்டு, வைத்திருப்பவர்களுக்கு இதுதான் சுத்தமான தீர்வு. மூன்றாம் வரிசைக்கு மட்டும் மாற்றினால் அந்த வரிசை மற்றவற்றிலிருந்து தனியாகத் தெரியும். மாற்றுவதானால் எழுத்து விசைகள் அனைத்துக்கும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, ஓ-ரிங். கேப்பின் அடியில் தண்டைச் சுற்றி மாட்டும் ரப்பர் வளையம். 0.2 மி.மீ., 0.4 மி.மீ. பயணம் குறைக்கும் என்று குறித்தே விற்கிறார்கள். செலவு மிகக் குறைவு. மோதல் பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் அடியைத் தொடும்போது ரப்பரைத் தொடுவது போலத்தான் இருக்கும். நல்ல பிபிடி கேப்பின் ஒலிக்காகக் காசு கொடுத்தவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். இரவில் குழந்தை தூங்கும் அறையில் வேலை செய்பவருக்குத் தயங்காமல் சொல்வேன்.

மூன்றாவது வழி, ப்ரொஃபைலை மாற்றுவது. ஓஇஎம், எஸ்ஏ, எக்ஸ்டிஏ, டிஎஸ்ஏ, எம்டி3 வகைகளில் இந்த மோதல் வருவதில்லை. கீபோர்டோடு பெட்டியில் வரும் கேப்புகள் பெரும்பாலும் ஓஇஎம் என்பதால்தான் பழைய கேப்பில் யாருக்கும் இது தெரிவதில்லை, புதுச் செட் மாட்டிய நாளன்று திடீரென்று முளைத்தது போலத் தோன்றுகிறது.

கேள்வி: ஹாட்-ஸ்வாப் போர்டுதானே, ஸ்விட்சைப் பிடுங்கி 180 டிகிரி திருப்பிச் செருகிவிட்டால் ஆகாதா?

ஆகாது. ஸ்விட்சின் இரண்டு உலோகக் கால்களும் நடுவிலிருந்து சம தூரத்தில் இல்லை. ஒன்று சற்று உள்ளே, மற்றது சற்று வெளியே. கீபோர்டின் சர்க்யூட் பலகையான பிசிபியில் துளைகள் அந்த ஒரே திசைக்குத்தான் போடப்பட்டிருக்கும். வலுக்கட்டாயமாக அழுத்தினால் கால் மடங்கும், இல்லையென்றால் அடியில் உள்ள சாக்கெட் பெயர்ந்து வரும். திசை என்பது பிசிபி வடிவமைக்கும்போதே முடிவாகிவிட்ட விஷயம்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கும்போது திசையை எப்படித் தெரிந்துகொள்வது? விவரப் பட்டியலில் எங்கும் இல்லை.

கேப் கழற்றிய படம் ஒன்றைத் தேடுங்கள். விற்பவர் பக்கத்தில் இல்லாவிட்டால் யாராவது போட்ட விமர்சன வீடியோவில் இருக்கும். ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் பாருங்கள். மூடியில் பொறித்த கம்பெனிப் பெயர் நேராக இருக்கிறதா தலைகீழாக இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள், தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அது மாறலாம்.

ஒரே கம்பெனி என்பதால் ஒரே திசை என்றும் எண்ண வேண்டாம். கீக்ரானையே எடுத்துக்கொள்ளுங்கள்: பழைய கே2 போர்டுகளில் வடக்கு, 2021-இல் வந்த க்யூ1-இல் தெற்கு. மாடலின் முழுப் பெயரோடு தேடுங்கள்.

கேள்வி: தெற்கு பார்த்த போர்டு நல்லது என்று எல்லோரும் சொன்னதால் வாங்கினேன். இப்போது எழுத்துகள் வெளிச்சமே இல்லாமல் மங்கலாகத் தெரிகின்றன. விளக்கில் கோளாறா?

விளக்கு நன்றாகத்தான் எரிகிறது. உங்களுக்குச் சொன்னவர்கள் பாதி மட்டும் சொன்னார்கள்.

ஒளி புகும் எழுத்துள்ள கேப்புகளில் எழுத்து எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் கேப்பின் மேல்பாதியில், எஃப் வரிசைப் பக்கமாக. எண் வரிசையில்கூட எண்ணையும் குறியையும் மேல் ஓரத்தில் பக்கம் பக்கமாக வைத்திருப்பார்கள். காரணம் இருக்கிறது: வடக்கு பார்த்த ஸ்விட்சில் எல்இடி நேராக அந்த இடத்துக்குக் கீழே எரிகிறது. கேமிங் கீபோர்டுகள் இந்த ஏற்பாட்டோடுதான் வளர்ந்தன. தெற்கு பார்த்த போர்டில் எல்இடி உங்கள் பக்கம் எரிகிறது, எழுத்து எதிர்ப்பக்கம் இருக்கிறது, நடுவில் கேப்பின் தண்டு வேறு மறைக்கிறது. எழுத்துக்குப் போய்ச் சேருவது சுவர்களில் பட்டுத் தெறித்த மீதி ஒளிதான். அதனால் மங்கல்.

இருட்டில் எழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்பவராக இருந்தால் உங்களுக்கு வடக்கு பார்த்த போர்டே பொருத்தம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆர்வலர்கள் தெற்கைக் கொண்டாடுவது செர்ரி ப்ரொஃபைல் செட்டுகளை மாற்றி மாற்றி மாட்டுவதற்காக. அது அவர்கள் தேவை. போர்டை வைத்துக்கொண்டே சரிசெய்ய விரும்பினால், எழுத்து கேப்பின் முன்சுவரில், அதாவது உங்களைப் பார்த்த பக்கத்தில் இருக்கும் ஒளி புகும் செட்டுகள் கிடைக்கின்றன. தெற்கு எல்இடி அந்தச் சுவருக்கு மிக அருகில் இருப்பதால் எழுத்து பளிச்சென்று தெரியும். மேலே வெறுமையாக இருக்கும் அழகும் தனி. வாங்கும்போது ஓரங்கள் சீராக வெட்டப்பட்டிருக்கின்றனவா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

கேள்வி: நான் வாங்கிய விலை உயர்ந்த டை-சப் செட்டில் வெளிச்சம் எழுத்து வழியாக வரவே இல்லை. திசைதான் காரணமா?

இல்லை. டை-சப் முறையில் சாயம் பிளாஸ்டிக்கின் மேற்பரப்புக்குள் இறங்குகிறது, அந்த இடம் ஒளி புகுவதாக மாறுவதில்லை. எந்தத் திசை போர்டிலும் இப்படித்தான். ஜிஎம்கே கம்பெனியுடையது போன்ற, ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் செய்த டபுள்ஷாட் செட்டுகளும் (இரண்டு நிறப் பிளாஸ்டிக்கை அடுத்தடுத்து வார்த்து எழுத்தை உருவாக்குபவை) பெரும்பாலும் ஒளி புகாதவையே. எழுத்து ஒளிர வேண்டுமென்றால் விவரத்தில் ‘ஷைன்-த்ரூ’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ‘டபுள்ஷாட்’ என்று மட்டும் இருந்தால் போதாது.

கேள்வி: ஸ்விட்சுகளை மாற்றிய பிறகு அதே கேப், அதே போர்டு, ஆனால் வெளிச்சம் பாதியாகிவிட்டது.

புது ஸ்விட்சின் உடல் ஒளி புகாத நைலானாக இருக்கும். இப்போதைய போர்டுகளில் எல்இடி ஸ்விட்சுக்குள் இல்லை, அடியில் பிசிபியில் ஒட்டப்பட்டிருக்கிறது. ஒளி ஸ்விட்சின் ஜன்னல் வழியாக மேலே ஏறியாக வேண்டும். கண்ணாடி போன்ற மூடி இருந்தால் ஒளி பரவும், சிலவற்றில் ஜன்னலில் சிறு லென்ஸ்கூட வைத்திருப்பார்கள். கறுப்பு நைலானில் ஜன்னல் ஓட்டை அளவுக்குத்தான் வெளிச்சம். சத்தத்துக்காக நைலான், வெளிச்சத்துக்காகத் தெளிந்த பாலிகார்பனேட். இரண்டும் வேண்டுமென்றால் மேலே பாலிகார்பனேட், அடியில் நைலான் என்று கலந்த ஸ்விட்சுகளைத் தேடுங்கள். அடிப்பகுதியில் எல்இடிக்கான இடம் திறந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தமிழ்99 எழுத்துகள் உள்ள கீகேப் செய்து வாங்க ஆசை. ஆங்கிலம் மேலே, தமிழ் கீழே என்று போடலாமா? வெளிச்சத்தில் இரண்டும் தெரியுமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. தமிழ்99 தளவமைப்பில் உயிர் எழுத்துகள் இடது கைக்கும், பெரும்பாலான மெய்கள் வலது கைக்கும் போகின்றன. நடு வரிசையில் இடது கையில் அ, இ, உ, புள்ளி, எ; வலது கையில் க, ப, ம, த, ந, ய. நீங்கள் அதிகம் தேடப் போகும் எழுத்துகள் இந்த வரிசையில்தான் இருக்கின்றன. செர்ரி ப்ரொஃபைலில் மோதல் வரும் வரிசையும் இதுவே. ஆகவே வடக்கு பார்த்த போர்டுக்குச் செய்வதானால் செர்ரி ப்ரொஃபைல் வேண்டாம், ஓஇஎம் அல்லது எக்ஸ்டிஏ எடுங்கள்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, ஒரு எல்இடி ஒரு பாதியைத்தான் நன்றாகக் காட்டும். வடக்கு போர்டில் மேலே உள்ள ஆங்கிலம் ஒளிரும், கீழே உள்ள தமிழ் மங்கும். தெற்கு போர்டில் நேர்மாறு. ஆங்கில விசைகள் உங்கள் விரலுக்கு ஏற்கெனவே பழகியிருக்கும், கண் தேடுவது தமிழைத்தான். அதனால் ஒளி நன்றாக விழும் பாதியைத் தமிழுக்குக் கொடுங்கள்: வடக்கு போர்டில் தமிழ் மேலே, தெற்கு போர்டில் தமிழ் கீழே.

இன்னொன்று. ணை, றை போன்றவை இதில் வருவதில்லை, தனி எழுத்துகள்தான். ஆனால் ஐ, ஔ, ஞ, ஊ ஆகியவை சுழிகள் நிறைந்தவை. சிறிதாக அச்சிட்டால் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். ஒளி புகும் எழுத்தில் மூடிய சுழியின் நடுத்துண்டு தனியாக நிற்க வேண்டியிருப்பதால் அச்சிடுபவர்கள் சில இடங்களில் சிறு இணைப்பு விடுவார்கள். மாதிரியாக இந்த நான்கு எழுத்துகளை முதலில் செய்து வாங்கிப் பார்த்த பிறகு முழுச் செட்டுக்கும் பணம் கட்டுங்கள்.

கேள்வி: புட்டிங் கீகேப் நல்லதா?

வெளிச்சம் விரும்புபவருக்கு நல்லது. மேல்தட்டு ஒளி புகாதது, பக்கச் சுவர்கள் பால் போன்ற வெண்மை. ஒளி நான்கு பக்கமும் கசிவதால் வடக்கா தெற்கா என்ற வேறுபாடு வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் ஒளிர்வது விசையின் பக்கங்கள்தான். எழுத்து தெரிவது திசையைப் பொறுத்ததே.

கேள்வி: லோ ப்ரொஃபைல் (உயரம் குறைந்த ஸ்விட்ச் உள்ள, தட்டையான) போர்டிலும் இதெல்லாம் பொருந்துமா?

அங்கே முதல் கேள்வி தண்டு. கைல் சாக் வி1 ஸ்விட்சில் சிலுவைத் தண்டு கிடையாது, இரண்டு சிறு துளைகள். எம்எக்ஸ் கேப் அதில் ஏறவே ஏறாது. கேடெரான் லோ ப்ரொஃபைலில் சிலுவைத் தண்டு இருக்கிறது, எம்எக்ஸ் கேப் உட்காரும். ஆனால் ஸ்விட்சின் உயரம் குறைவாக இருப்பதால் கேப்பின் விளிம்பு அடித்தட்டில் இடிக்கலாம். இந்தப் போர்டுகளுக்கு அவற்றுக்கென்றே செய்த கேப்பை வாங்குங்கள். எழுத்து எந்தப் பாதியில் இருக்கிறது, எல்இடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பது மட்டும் அங்கேயும் அப்படியே.