பச்சை முக்கோணம் என்றால் பயமில்லையா?

கேள்வி: கரப்பான் ஸ்ப்ரே டப்பாவில் ஒரு சாய்சதுரம்; கீழ்ப்பாதி நீலம். இன்னொரு பூச்சிமருந்தில் பச்சை. பச்சை என்றால் ஆபத்தில்லை என்கிறார் என் கணவர். சரியா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லை. பிஸ்கட் பாக்கெட்டின் பச்சைப் புள்ளியோடு அவர் குழப்பிக்கொள்கிறார்! 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள்படி, அந்த நிறம் நச்சின் கடுமையைக் காட்டுகிறது. சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவுதான் கணக்கு. உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை போதுமென்றால் சிவப்பு, மேல்பாதியில் மண்டையோடும் இருக்கும். 500 வரை மஞ்சள், 5000 வரை நீலம், அதற்கும் மேல் பச்சை. பத்து கிலோ குழந்தைக்கு எந்த அளவும் சீக்கிரம் எட்டிவிடும் என்பதை மறக்காதீர்கள்.

நிறம் விஷத்தை மட்டுமே சொல்லும். ஸ்ப்ரேயில் தீச்சுடர் படம் இருந்தால் எரியும் அடுப்பருகே அடிக்காதீர்கள்.

டாய்லெட் ஆசிட் பாட்டிலில் கையையும் உலோகத்தையும் திரவம் அரிப்பதுபோல் படம் இருக்கும். அதைப் பிளீச்சிங் பவுடரோடு சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

யாராவது பூச்சிமருந்தை விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்க வைக்காமல், டப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். முறிவுமருந்து விவரம் லேபிளிலேயே அச்சிட்டிருக்கும். வேறு பாட்டிலில் ஊற்றி வைத்தால் அதுவும் போச்சு.