கழற்றிவிடாதீர்கள், அந்தப் பட்டைதான் சாட்சி

கேள்வி: பெருந்துறையில் வசிக்கிறேன். என் சொந்தக் காரின் டேஷ்போர்டு, டோர் பேட், கன்சோல் ஆகியவற்றுக்கு உலோக அலங்காரப் பட்டை தேடி அலைந்தபோது, கடைகளில் குரோம் பூசிய பிளாஸ்டிக்தான் கிடைத்தது. கோவையில் ஒரு பட்டறைக்காரர் உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்றை மாதிரியாகக் கொடுத்து, அதே தகட்டில் செய்து தருவதாக 46,000 ரூபாய் வாங்கினார். துண்டுச்சீட்டில் 'எஸ்.எஸ். 304 டிரிம்' (எஸ்.எஸ். என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 304 அதில் ஒரு ரகம்) என்று எழுதியிருக்கிறார். முறையான பில் இல்லை. நான்கே மாதத்தில் ஓரங்கள் துருப்பிடித்து முலாம் உரிகிறது, காந்தமும் ஒட்டுகிறது. 'ஆர்டருக்குச் செய்த பொருளைத் திரும்ப எடுக்க முடியாது' என்கிறார். பணம் கிடைக்குமா? ஆர்.டி.ஓ. தரப்பில் சிக்கல் வருமா?

பதில்: கோபத்தில் பட்டைகளைக் கழற்றி வீசிவிடாதீர்கள். அவையும், அந்த மாதிரித் துண்டும், துண்டுச்சீட்டும் சேர்ந்ததுதான் உங்கள் வழக்கு. ஆர்டருக்குச் செய்தது என்பதாலேயே சொன்ன பொருளுக்குப் பதில் வேறொன்றைத் தரும் உரிமை எவருக்கும் வந்துவிடாது. விவரம் சொல்லியும் மாதிரி காட்டியும் விற்ற பொருள் அவ்விரண்டுக்கும் ஒத்திருக்க வேண்டும் என்று 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 15-ஆம் பிரிவில் கூறுகிறது. பட்டைகளைக் காரில் பொருத்தி நான்கு மாதம் பயன்படுத்தியதால், பொருளை ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்றும், இனி நிராகரிக்க முடியாது, இழப்பீடு மட்டுமே கேட்கலாம் என்றும் எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். ஆகவே உரிமையியல் நீதிமன்றத்தைவிட, பணத்தைத் திருப்பித் தரவும் இழப்பீடு வழங்கவும் ஒருங்கே உத்தரவிடக்கூடிய நுகர்வோர் ஆணையமே உங்களுக்கு ஏற்றது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் செய்யலாம் என்பதால், கோவைக்கு அலையாமல் ஈரோடு மாவட்ட ஆணையத்தை அணுகுங்கள். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பில் தர மறுப்பதை அதே சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறைகளுள் ஒன்றாகச் சேர்த்திருப்பதால், பில் கேட்டு இப்போதே எழுத்தில் ஒரு கடிதம் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் பேரம் பேசியிருந்தால் அந்த உரையாடலை அழிக்காதீர்கள். பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் மின்னணுப் பதிவுச் சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்யலாம்.

காந்தச் சோதனையை மட்டும் நம்பி வாதாட வேண்டாம். 430 ரகமும் எஸ்.எஸ்.தான், அதில் காந்தம் நன்றாக ஒட்டும். 304 தகடுகூட வளைத்த இடத்தில் லேசாக இழுக்கும். உங்களுக்கு வலுவான சான்று அந்த முலாம்தான். நல்ல 304 தகட்டைத் தேய்த்து மெருகேற்றினாலே போதும், முலாம் பூச வேண்டிய அவசியமே இல்லை; எனவே வெங்காயத் தோல்போல உரிய ஒன்று அதன் மேல் ஏன் இருக்கிறது என்ற கேள்விக்குப் பட்டறைக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின்கீழ் ஆணையமே பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம் என்பதால், மாதிரித் துண்டையும் பட்டையையும் ஒப்பிட்டுச் சோதிக்கும்படி மனுவிலேயே கேளுங்கள். சோதனை இருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே பொறுத்திருக்க நேரும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. டோர் பேடில் ஒட்டிய அலங்காரப் பட்டை அந்த விவரங்கள் எதையும் மாற்றுவதில்லை, அதனால் ஆர்.டி.ஓ.வை எண்ணிக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஆனால் டேஷ்போர்டில் பயணி பக்கத்து ஏர்பேக் மூடியின் மீதோ அதன் விளிம்பின் மீதோ பட்டை ஓடுகிறதா என்று இன்றே பாருங்கள். ஏர்பேக் விரியும்போது அந்த மூடி பிளந்து திறக்கும். அங்கே ஒட்டிய தகடு கத்திபோலப் பறந்து வரும். அந்த ஒரு துண்டுக்கு மட்டும் நான் முதலில் சொன்னது பொருந்தாது: தேதி தெரியும்படி ஒட்டிய நிலையில் படம் எடுத்து, மெக்கானிக்கைக் கொண்டு கழற்றி, உறையிலிட்டு முத்திரை வைத்துப் பத்திரப்படுத்துங்கள்.