பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாதா?

கேள்வி: மகளுக்குச் சுகப்பிரசவமாகி எட்டு நாள் ஆகிறது. "பச்சை உடம்புக்காரி, தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும்" என்று என் அம்மா நாளுக்கு இரண்டு டம்ளர்தான் தருகிறார். மகளுக்கு இரண்டு நாளாகத் தலைவலி. தைலம் தேய்த்தும் விடவில்லை.
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: தைலத்தோடு நிறுத்தாதீர்கள், இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் ரத்தம் எளிதில் உறையும். உடலில் நீரும் வற்றினால் மூளையின் சிரைகளில் ரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளலாம். கர்ப்பத்தில் பிரஷர் இல்லாதவர்களுக்கும் இந்த 6 வாரங்களில் அது ஏறலாம்; தலைவலிக்கு அதுவும் காரணமாகலாம். 140/90 என்றாலே கவனிக்க வேண்டும். 160/110-ஐத் தொட்டாலோ, கண் மங்கினாலோ, வலிப்பு வந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

வயிறு பெரிதாகத் தெரிவது தண்ணீரால் அல்ல. கர்ப்பப்பை சுருங்கவே சுமார் 6 வாரம் ஆகும். பாலூட்டும் தாய்க்குத் தாகம் அதிகம். மருத்துவர் வேறு சொல்லாவிட்டால் தினம் இரண்டரை முதல் 3 லிட்டர் வரை கொடுங்கள். ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கட்டும். பாட்டிக்குத் திருப்தி என்றால் வெதுவெதுப்பாக, சீரகம் போட்டுக் கொதிக்கவைத்தே தரலாம்.

ஒரு மணி நேரத்துக்குள் நாப்கின் முழுதும் நனைந்தாலோ, எலுமிச்சை அளவு கட்டி விழுந்தாலோ, 100.4 டிகிரி காய்ச்சலோடு துர்நாற்றம் அடித்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.