ஹன்சாட்டில் அரியநேத்திரன் உரை தேடலில் வராவிட்டால்

இலங்கை நாடாளுமன்ற உரைகளின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சாட்டில், மட்டக்களப்பு மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அரியநேத்திரனின் உரை தேடலில் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பெயரை ஆங்கில எழுத்தில் தேடுங்கள், வரும். பேசுபவரின் பெயர் மூன்று மொழியிலும் அச்சாகும். உரை மட்டும் பேசிய மொழியில்தான் இருக்கும்.

தமிழில் தேடினால் வராததற்கு, தமிழ்ப் பகுதி யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் இருப்பதே காரணமாகலாம். ஒரு வரியைப் பிரதி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். கிறுக்கலாக வந்தால் அதுதான்.

மட்டக்களப்பு மீள்குடியேற்றம் பற்றி 2010க்குப் பிறகு பேசியதைத்தானே கேட்கிறீர்கள்? வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதம் மட்டும் போதாது. அவசரகாலச் சட்டம் 2011 ஆகஸ்ட் வரை நாடாளுமன்றத்தில் விவாதித்து மாதாமாதம் நீடிக்கப்பட்டது. அந்த விவாதங்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான்.

மேற்கோள் எடுக்கும்போது திகதியோடு பத்தி (column) எண்ணையும் குறியுங்கள். அட்டையில் 'பிழை திருத்தப்படாதது' என்றிருந்தால், சொற்கள் பின்னர் மாறியிருக்கலாம்.