எச்-சுட்டெண்ணைப் பார்த்து மேற்பார்வையாளரைத் தெரிவு செய்யலாமா?

கேள்வி: கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் சிறப்புப் பட்டம் முடித்துவிட்டு எம்.ஃபில். செய்ய மேற்பார்வையாளர் தேடுகிறேன். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்கொலரில் ஒருவருக்கு மேற்கோள்கள் 3,100, எச்-சுட்டெண் 24. மற்றவருக்கு 280, சுட்டெண் 9. வீட்டில் எல்லாரும் முதலாமவரிடம் போகச் சொல்கிறார்கள். சரியா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: இந்த எண்களை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். இருவருடைய கட்டுரைப் பட்டியலையும் திறந்துவைத்து அரைநாள் உட்காருங்கள்.

எச்-சுட்டெண்ணை 2005இல் முன்வைத்தவர் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற பௌதிகவியலாளர். 9 என்றால், பிற கட்டுரைகளில் குறைந்தது 9 தடவை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 9 இருக்கின்றன என்று அர்த்தம். இந்த எண் ஏறும், இறங்காது. ஆய்வை நிறுத்தியவருக்கும் பழைய கட்டுரைகளால் கூடிக்கொண்டே போகலாம். ஆகவே முதலில் இருவரும் எந்த ஆண்டில் எழுதத் தொடங்கினார்கள் என்று பாருங்கள். முப்பது வருட அனுபவசாலியின் 24ஐயும் எட்டு வருடக்காரரின் 9ஐயும் அருகருகே வைப்பது நியாயமில்லை.

அடுத்தது, அந்தக் கட்டுரைகளெல்லாம் அவருடையவைதானா? நம்மவர் பெயர்களில் இது பெரிய தொல்லை. முதலெழுத்தும் பெயரும் ஒத்துப்போனால் கூகுள் ஸ்கொலர் வேறொருவரின் கட்டுரைகளையும் சேர்த்துவிடும். ஆங்கிலத்தில் பெயரை ஓரிடத்தில் ஒருமாதிரி, இன்னோரிடத்தில் வேறுமாதிரி எழுதியிருந்தால் ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளம் ஒரே ஆளை இரண்டாக்கிவிடும். கூகுள், ஆய்வேடுகளையும் மாநாட்டுக் கட்டுரைகளையும் எண்ணுவதால் அதன் தொகை பொதுவாக ஸ்கோபஸைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஒருவரை அதிலும் மற்றவரை இதிலும் பார்த்து ஒப்பிடாதீர்கள். நீங்கள் முதல் கட்டுரை எழுதுமுன்பே ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வழங்கப்படும் ஓர்கிட் அடையாள இலக்கம் எடுத்துவிடுங்கள், இலவசம்தான்.

மேற்கோள் கூடினால் ஆய்வு ஆழமானது என்று நினைப்பதும் பிழை. புரதத்தின் அளவைக் கணிக்க லௌரி குழுவினர் 1951இல் எழுதிய செய்முறைக் கட்டுரை 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்றது. அந்த முறையைக் கையாண்டவர்களெல்லாம் அதைக் குறிப்பிட்டார்கள். ஜேர்மனியில் பணியாற்றிய பிரித்தானிய இரசாயனவியலாளர் ஜோர்ஜ் ஷெல்ட்ரிக் படிகக் கட்டமைப்பைக் கணிக்கும் தமது ஷெல்எக்ஸ் மென்பொருள் பற்றி 2008இல் ஒரு கட்டுரை எழுதினார். அது வந்த ஆய்விதழின் தாக்கக் காரணி (அதன் அண்மைக் கட்டுரைகள் சராசரியாகப் பெற்ற மேற்கோள்), அந்த ஒன்றினாலேயே 2ஐ அண்டிய நிலையிலிருந்து 2009ஆம் ஆண்டுக் கணக்கில் 49.9க்குத் தாவியது. அதே இதழின் மற்றக் கட்டுரைகள் ஓர் இரவில் இருபது மடங்கு தரமாகிவிடவில்லையே!

உங்கள் 3,100இலும் இப்படி ஏதாவது ஒளிந்திருக்கலாம். பட்டியலை மேற்கோள் வரிசையில் அடுக்கிப் பாருங்கள். பாதித் தொகை பிறர் ஆய்வுகளைத் தொகுத்துரைக்கும் ஒரேயொரு மீளாய்வுக் கட்டுரையிலிருந்தோ, இருபது பேர் சேர்ந்து எழுதிய ஒன்றிலிருந்தோ வருகிறதா? துறையும் முக்கியம். நனோ பொருட்கள் பற்றி எழுதுபவருக்கு உலகெங்கும் வாசகர்கள். ஆரையம்பதி மணற்தரைக் கிணறுகளில் நைத்திரேற்று எவ்வளவு என்று ஆராய்பவரை மேற்கோள் காட்டுவோர் சிலரே. ஆனால் அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களுக்கு அந்த ஆய்வுதான் தேவை. அதைச் சின்ன ஆய்வு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

பிறகு ஆண்டு வரிசைக்கு மாற்றி, கடைசி ஐந்து வருடங்களைப் படியுங்கள். முதற்பெயராக யார் நிற்கிறார்கள்? இரசாயனவியலில் ஆய்வுகூட வேலையைப் பெரும்பாலும் செய்தவரின் பெயர் முதலிலும், பொறுப்பாளரின் பெயர் நட்சத்திரக் குறியோடு கடைசியிலும் வருவது வழக்கம். மாணவர்களின் பெயர்கள் முதலில் வந்திருந்தால் நல்ல அடையாளம். எங்கும் அவர்களைக் காணவில்லையென்றால், எண் 24 ஆனாலும் நான் யோசிப்பேன். சில நாட்களிலேயே ஏற்றுக்கொண்டு காசு கேட்கும் இதழ்களில் கட்டுரைகள் குவிந்திருந்தாலும் அப்படித்தான்.

மிச்சத்தை அவர்களுடைய மாணவர்களிடமே கேளுங்கள். மூலக்கூற்றுக் கட்டமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். சோதனை பார்க்க மாதிரிகளை எங்கே அனுப்புகிறார்கள், அந்தச் செலவு யாருடையது, எழுதிக் கொடுத்த வரைவு எத்தனை மாதத்தில் திருத்தத்தோடு திரும்பி வருகிறது? 9 உள்ளவரின் மாணவர்கள் இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொன்னால், வீட்டாரிடம் இந்தப் பட்டியலைக் காட்டிவிட்டு அவரிடமே விண்ணப்பியுங்கள்.